பாண்டீஸ்வரியின் ஞாயிற்றுக்கிழமைகள்

பாண்டீஸ்வரி மேல்மலையில் பூண்டு எடுக்கும் கூலிக்காரி. அவள் தங்கை, கட்டிய புருஷன் அடித்தே செத்தாள். அலறல் கேட்டும் தெருவில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அதிலிருந்து நான்கு வருடமாக ஞாயிறுதோறும் ஊர் ஊராகப் போய்ப் பெண்களைக் கூட்டி, அடி வாங்கினால் பெண்கள் உதவி எண்ணான 181-க்குப் போன் போடச் சொல்லிவருகிறாள்.

போன மாதம் ஓர் ஊரில், கூட்டம் கலைந்த பிறகும் கவுசல்யா என்ற பெண் நின்றாள். கன்னம் வீங்கியிருந்தது.

“எங்கிட்டப் போன் இல்லக்கா. நீங்களே போட்டுச் சொல்லுங்க.”

பாண்டீஸ்வரி உடனே போன் போட்டுச் சொன்னாள். மறுநாள் பாண்டீஸ்வரியையும் கூட்டிக்கொண்டு அதிகாரிகள் வந்தார்கள். ஊரே கூடிவிட்டது. புருஷன் பக்கத்தில் நின்ற கவுசல்யா தலை நிமிரவில்லை.

“வழுக்கி விழுந்துட்டேங்க. யாரும் அடிக்கல.”

அதை அப்படியே எழுதிக்கொண்டு அதிகாரிகள் கிளம்பினார்கள். “குடும்பத்தக் கெடுக்கவா வந்த?” என்று பெண்களே பாண்டீஸ்வரியை விரட்டினார்கள்.

அடுத்த ஞாயிறு வேறு ஊர். அங்கேயும் சேதி எட்டியிருந்தது. அவள் பேச ஆரம்பித்ததுமே, “சோலி கெடக்குக்கா” என்று ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள்.

“இதெல்லாம் விட்டுருங்கக்கா,” என்றாள் திரும்பும் பஸ்ஸில், துணைக்கு வந்திருந்த, அவளோடு பூண்டு எடுக்கும் பெண்.

பாண்டீஸ்வரி சொன்னாள்: “அன்னைக்கு நாங்க கெளம்புனப்புறம் அந்தக் கவுசல்யாப் புள்ள எவ்வளவு அடி வாங்குனாளோ.”