ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

சாந்தன்பாறைக்கு மேலே, ஏலத்தோட்டம் முடிந்து புல்மேடு தொடங்கும் இடத்தில் ஏழு வீட்டுக்கும் பொதுவாக ஒரு படுதாக்குளம் இருக்கிறது. குழி வெட்டி, தார்ப்பாய் விரித்து, மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்தது. கோடையில் வீட்டுக்கு ஒரு கிழமை முறை. ஞாயிறு அமிர்தநாதனுடையது.

எஸ்டேட்டில் மருந்தடிக்கிறவர். தன் முறைத் தண்ணீரில் ஒரு சொட்டுகூடத் தன் ஏலத்துக்கு அவர் விட்டதில்லை. தீ வந்தால் அணைக்க வேண்டுமென்று தன் பங்கைக் குளத்தின் அடியிலேயே விட்டுவைத்தார். பம்பு இன்ஜின் தண்ணீர் உறிஞ்சும் குழாயின் நுனியிலுள்ள ஃபுட்வால்வை அந்த மட்டத்துக்கு மேலே கயிற்றில் தூக்கிக் கட்டியிருந்தார். மற்றவர்கள் எவ்வளவு இழுத்தாலும் அதற்குக் கீழே போகாது. ஞாயிறு பூசை முடிந்ததும் கயிற்றை இறக்குவார். இன்ஜினை ஓட்டி, ஓஸ் வழியாகத் தண்ணீரைத் திரும்பக் குளத்திலேயே விடுவார். முள்ளம்பன்றி கடித்த ஓட்டை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிவிடுவார்.

"குளத்துக்கே தண்ணி பாய்ச்சுற சம்சாரி நீரு ஒருத்தருதாண்ணே," என்பான் பக்கத்துத் தோட்டத்து ஜோமோன்.

"பாய்ச்சிட்டுப் போறேன். உன் முறையிலயா கை வச்சேன்?"

ஃபயர் ஃபோர்ஸ் வண்டி அந்த மேட்டில் ஏறாது. ஜீப்பே முக்கி முனகித்தான் வரும். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன, கண்ணெதிரே வாடுகிற செடிதானே பெரிதாகத் தெரிகிறது.

இந்த வருஷம் மாசியிலிருந்து ஒரு தூறல் இல்லை. அமிர்தநாதனின் அரை ஏக்கர் ஏலம் மஞ்சளித்துச் சாய்ந்தது. அவர் மனைவி இன்பமேரி குளத்தங்கரைக்கே வந்துவிட்டாள்.

"பிள்ளைய மாதிரி வளத்த செடி. ஒரே ஒரு ஞாயிறு விடும். அப்புறம் நான் கேக்க மாட்டேன்."

"ஒரு ஞாயிறு விட்டா மறு ஞாயிறும் கை நீளும், மேரி."

"கல்லுய்யா நீரு."

செடி அவருக்கும் செடிதான். அன்று தோட்டத்தைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று மத்தியானம் போடிமெட்டுப் பக்கமிருந்து புல் பற்றிக்கொண்டு ஏறியது. காற்றும் இந்தப் பக்கம். வியாழன் ஜோமோன் முறை. ஓடிவந்து இன்ஜினைப் போட்டான். அது வெறும் காற்றைத்தான் இழுத்தது.

"காலையிலயே எல்லாம் பாய்ச்சிட்டேண்ணே. தண்ணி இல்ல."

"ஞாயித்துக்கிழமைத் தண்ணி இருக்குடே. தள்ளு."

அமிர்தநாதன் கயிற்றை அவிழ்த்து ஃபுட்வால்வை அடிவரைக்கும் இறக்கினார். காற்றை விரட்ட பம்பில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி மறுபடி இன்ஜினைப் போட்டார். ஓஸ் விறைத்தது. ஏழு வீட்டாரும் பச்சைக் கொப்பு ஒடித்து அடிக்க, அவர் வேலியோரத்தை நனைத்துக்கொண்டே போனார். குளம் வற்றி அடித் தார்ப்பாய் தெரிந்தபோது, ஜோமோனுடைய வேலியடியில் தீ செத்துக் கிடந்தது.

மழை வந்து குளம் நிறைந்ததும் ஃபுட்வால்வைத் தூக்கிக் கட்டியது ஜோமோன்தான். "இனி அடித்தண்ணிக்கு ஏழு வீடும் பங்கு விடணும். அண்ணன் ஞாயிறு அண்ணன் செடிக்கு," என்றான். மற்ற வீட்டாரும் ஒத்துக்கொண்டார்கள்.

அன்று இன்பமேரி போடியிலிருக்கும் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாக்கா, எங்க செடி பாதி போச்சு. ஆனா இந்த மேடு முழுக்கப் பச்சையா நிக்கே, அம்புட்டும் எங்க வீட்டுக்காரரு பயிருதான்."

அமிர்தநாதன் காதில் விழாததுபோல ஓஸைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டி முடித்ததை அவிழ்த்து, மறுபடி முதலிலிருந்து சுருட்டினார்.