செவ்வாயில் பிறந்தவளுக்குச் செவ்வாய் தோஷம் வருமா?

கே.கே. நகரில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள், ஸ்ரீரங்கத்துக்காரர்கள். பையன் அவசரக்காரர். செல்போனில் ஏதோ ஆப்பில் பொருத்தம் பார்த்துவிட்டு அப்பாவையும் அழைத்து வந்துவிட்டார். ஆப் லக்னத்திலிருந்து மட்டும் எண்ணியிருக்கிறது. அவருடைய அப்பா சந்திரனிலிருந்தும் எண்ணுகிறவர். என் ஜாதகத்தை வாங்கி எண்ணினார். விரல் ஒரு கட்டத்தில் நின்றது. செவ்வாய் ஏழில்.

"பையனோடது சுத்த ஜாதகம். சேராதே," என்றார் என் அப்பாவிடம், மெதுவாக. "சரி, போன் பண்றோம்."

போன் பண்றோம் என்றால் பண்ண மாட்டார்கள். முன்னால் வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். அப்போதெல்லாம் விட்டது சனி என்று இருந்தேன். இந்தத் தடவை முடியவில்லை. இந்தப் பையன் கேசரியை ஒரு வாய் தின்று, 'தித்திப்பு ஜாஸ்தி மாமி' என்று என் அம்மாவிடமே சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குப் பிடித்துவிட்டது.

பையனின் அப்பா, அந்த மாமா, எழுந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். "ராகு காலம் வந்துடுத்தே!" ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். இனி ஆறு மணிவரை அவர் படி தாண்ட மாட்டார். வேண்டாம் என்று சொன்ன வீட்டில் ஒன்றரை மணி நேரம்! அம்மா பாவம், திரும்பக் காபி கலக்கப் போனாள்.

நானோ துவாக்குடிப் பக்கம் ஒரு காலேஜில் பிசிக்ஸ் எடுக்கிறவள். வாய் சும்மா இருக்குமா?

"மாமா, ஒரு சந்தேகம். செவ்வாய் கிரகத்துலயே ஒருத்தி பொறந்தா, அவளுக்குச் செவ்வாய் தோஷம் வருமா?"

அப்பா முறைத்தார். மாமா முறைக்கவில்லை. "அதெப்படி? செவ்வாய் அவ காலடியிலன்னா இருக்கு! கட்டத்துல எங்கே போடறது?" என்றவர் பேனாவைத் திறந்தார். "அந்த இடத்துல பூமியைப் போடணும். சுக்கிரனாட்டம் சூரியனை விட்டு ரொம்ப விலகாது, இல்லையோ?"

"ஆமாம். ஆனா அங்கே சந்திரன் ரெண்டு மாமா. ஒண்ணு அசுர வேகம். ஒரு டிபன் சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள நட்சத்திரம் மாறிடும். எந்தச் சந்திரன்லேர்ந்து எண்ணுவேள்?"

மாமா எழுதினார், அடித்தார், திரும்ப எழுதினார். ராகு கேதுவும் இரண்டு ஜோடி ஆகிவிட்டன. பன்னிரண்டு கட்டமும் கல்யாணப் பந்தி மாதிரி நிரம்பின. வந்த காபி ஆறிப்போயிற்று. பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அவளுக்குப் பூமி ஏழுல இருந்தா தோஷமா மாமா?" என்றேன். எனக்கு ஆத்திரமும் இருந்தது, பயமும் இருந்தது.

"பூமிப் பிராட்டியா? அபசாரம்! அவ அந்தச் செவ்வாய்க்கே தாயார். தாயார் தோஷம் பண்ணுவாளா?"

"தாயார் பண்ண மாட்டா. அவ பெத்த பிள்ளை மட்டும் பண்ணுவானா?"

மாமா மறுபடி கட்டத்தின் மேல் குனிந்தார். ஆறு மணி தாண்டியும் எழுந்திருக்கவில்லை. அப்பாதான் தயங்கித் தயங்கி நேரத்தைச் சொன்னார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "போயிட்டு வரோம்மா," என்றார் மாமா, என்னைப் பார்த்து. போன் பண்றோம் என்று சொல்லவில்லை. நான் உள்ளே போய் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

இப்போது எனக்கு ஸ்ரீரங்கத்தில் குடித்தனம். போன மாதம் பெண் பிறந்தாள். மாமாவே ஜாதகம் கணித்தார். லக்னத்திலிருந்து எண்ணினார், சந்திரனிலிருந்தும் எண்ணினார். விரல் ஒரு கட்டத்தில் நின்றது.

"ஏழா மாமா?"

"எட்டு. அதுவும் தோஷம்தான்," என்றார். ஜாதகத்தை மடித்துப் பெருமாள் அலமாரியில் வைத்துவிட்டுப் பேத்தியைத் தூக்கிக்கொண்டார். "கவலைப்படாதே. நாளைக்கு இவளைப் பார்க்க வர்றவாளை ராகு காலம் ஆரம்பிக்கற வரைக்கும் பேசிப் பிடிச்சு வை. மிச்சத்தை இவ பார்த்துப்பா."