பிலோ அக்காவின் பெட்டியை யார் தூக்குவது?

பிலோ அக்கா போய்விட்டார். இன்று காலை... ஹார்ட் அட்டாக். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே.

எங்கள் பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனில் ஸ்கூல் வேன் ஓட்டிய பிலோமினா அக்கா. சுற்றுவட்டார எஸ்டேட் பிள்ளைகளில் பாதிப் பேர் அவர் வேனில் ஏறித்தான் பள்ளிக்கூடம் போனார்கள்.

எனக்கு உட்கார்ந்து அழ வேண்டும். ஆனால் காலையிலிருந்து கோபம்தான் வருகிறது. ஏன் என்று சொல்கிறேன். படித்துவிட்டு என்னை அன்ஃப்ரெண்ட் செய்கிறவர்கள் தாராளமாகச் செய்துகொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் வட்டாரத்தில் இளைஞர் கூட்டமைப்பு ஒன்று தொடங்கினோம். கோயில் கமிட்டி, சர்ச், பள்ளியின் பெற்றோர் சங்கம் எல்லோரும் சேர்ந்து. பையன்கள் கெத்தும் இலைத் தண்ணீரில் போதையை ஆரம்பித்து சியாபு மாதிரி பெரிய போதை வரைக்கும் போய்க்கொண்டிருந்த நேரம் அது.

முதல் மீட்டிங்கில் தலைவர், ஹோட்டலில் ஒரு போதை ஒழிப்புச் சொற்பொழிவு வைக்கலாம் என்றார். சாப்பாடு போட்டால் கூட்டம் வருமாம்.

பின்வரிசையிலிருந்து அக்கா குரல் கொடுத்தார். "தலைவரே, ஸ்கூல் வுட்டு வந்து இருட்டுற வரைக்கும் அவனுங்க எங்க போவானுங்க? வூட்ல அப்பாம்மா ரெண்டு பேரும் வேலைக்கு போயிருக்காங்க. மொதல்ல அத சொல்லுங்கலா."

மறுவாரமே அக்கா பையன்களைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டு டவுன் ஃபுட்சால் கோர்ட்டுக்குப் போனார். கோயில் கமிட்டியில் ஒருவர் கோர்ட்டைப் பேசிக் கொடுத்தார். சர்ச் பெண்கள் கறிபாப் பொரித்துக் கொடுத்தார்கள். கூட்டமைப்பு என்று உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான்.

வராத பையனை அக்கா விட மாட்டார். வீட்டு முன்னால் வேனை நிறுத்தி, அக்கம்பக்கமெல்லாம் எட்டிப் பார்க்கும் வரை ஹார்ன் அடிப்பார்.

"எந்திரிச்சு வாடா எருமை! நீ வரலன்னா நான்தான் கோலுக்கு நிக்கணும். என் சைசுக்கு அப்புறம் ஒருத்தனும் கோல் போட முடியாது, பாத்துக்க!"

அப்படி இழுத்து வந்தவர்களில் ஒருவன்... பெயர் சொல்ல மாட்டேன். ஏன் என்று மேலே படித்தால் தெரியும்.

அவன் ஒரு வருடமாக எந்தப் போதையையும் தொடவில்லை. செரண்டாவில் ஃபேக்டரி வேலை கிடைத்திருந்தது. முதல் நாளே வேலை கார்டைக் கொண்டுவந்து அக்காவிடம் காட்டினான். அக்கா அதை ஊருக்கே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அப்போதுதான் கூட்டமைப்பின் ஆண்டு விருந்து வந்தது. வி.ஐ.பி. வருகிறார் என்று ஜங்ஷனில் பெரிய பேனர் கட்டினார்கள். மேலே தலைவர் கும்பிடுகிறார். கீழே வரிசையாகப் பையன்களின் முகங்கள். "போதையிலிருந்து நாங்கள் மீட்டெடுத்த செல்வங்கள்."

ஜெர்சி அடிக்க என்று சொல்லி எடுத்த படங்கள் அவை. ஒரு பையனிடம்கூடக் கேட்கவில்லை. ஒரு பெற்றோரிடம்கூட...

அந்த வழியாக வந்த ஃபேக்டரி சூப்பர்வைசர் பேனரைப் பார்த்திருக்கிறார். மறுநாள் அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

அக்கா நேராக ஜங்ஷனுக்குப் போய், வேன் கூரைமேல் ஏறி, பேனரை அறுத்துப் போட்டார். கீழே நின்று இழுத்தவள் நான்தான். தலைவர் போனில் கத்தினார். "நம்ம சேவை நாலு பேருக்கு தெரிய வேணாமா?"

"அப்ப ஒங்க மவன் மூஞ்சிய போடுங்க. நல்லா தெரியும்" என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டார்.

வேலை திரும்பக் கிடைக்கவில்லை. பையன் பழையபடி போதைக்கே போய்விட்டான். அக்கா காலை ட்ரிப் முடிந்ததும் தினமும் அவன் வீட்டுக்குப் போனார். திட்டினார், கஞ்சி கொடுத்தார், கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனார். மாதக்கணக்கில்.

இன்று அவன் டயர் கடையில் வேலை செய்கிறான். நன்றாக இருக்கிறான். கூட்டமைப்பிலிருந்து ஒருத்தராவது அவன் வீட்டுப் பக்கம் போனார்களா? கேட்டுப் பாருங்கள்.

சரி, இப்போது இன்றைய கூத்துக்கு வருகிறேன்.

காலையிலேயே வாட்ஸ்அப் குரூப்பில் தலைவரின் செய்தி. "நமது கூட்டமைப்பின் தூண் சாய்ந்தது." தூணாம்! பேனரை அறுத்த பிறகு அவரைக் கூட்டமைப்புக் கமிட்டியிலிருந்து தூக்கியது யார் சார்?

சவப்பெட்டியைக் கமிட்டிக்காரர்கள் யூனிஃபார்ம் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு தூக்குவார்களாம். மறுபடியும் வி.ஐ.பி. வருகிறாராம். கடைசியில் தலைவர் குரலிலேயே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அந்த பசங்கள கொஞ்சம் பின்னால நிக்க சொல்லுங்க. போட்டோல விழுந்துருவானுங்கலா."

பேனரில் போட மட்டும் அவனுங்க முகம் வேண்டியிருந்தது இல்லையா? வெட்கமாகவே இல்லையா உங்களுக்கு?

அக்காவின் மகளுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அழுதுகொண்டிருந்த பெண் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"அம்மாவ அவனுங்கதான் தூக்கணும், அக்கா. வேற யாரும் தொட வேணாம்."

அவ்வளவுதான். குடும்பம் சொல்லியாகிவிட்டது. தலைவரே, இந்தப் பதிவு உங்கள் கண்ணில் படும் என்று தெரியும். டி-ஷர்ட்டை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வாருங்கள்.

நாளைக் காலை பத்து மணிக்கு வீட்டில் ஜெபம், பிறகு சர்ச். யார் வேண்டுமானாலும் வரலாம். தயவுசெய்து யாரும் போட்டோ எடுக்காதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பையன் மெசேஜ் அனுப்பியிருக்கிறான்.

"அக்கா, நாளைக்கு நா வரலாமா? கிட்ட வர மாட்டேன். ரோட்டுக்கு அந்த பக்கமே நின்னுக்கிறேன்."

ஒரு பிள்ளையை இப்படிக் கேட்க வைத்திருக்கிறார்கள்.

"முன்னால பெட்டிய புடிக்க போறதே நீதான்டா. நேரத்தோட வந்துரு" என்று பதில் போட்டேன்.

போய்ட்டு வாங்க, பிலோ அக்கா.