ஊதுங்க சார், ஊதுங்க!

போன வாரம் ஒரகடத்தில் ஒரு ஹோட்டல் பார் வாசலில் என்னை மடக்கி, ‘குடிச்சிருக்கே, உள்ளே விடமாட்டேன்’ என்றான் ஒருவன். பட்டப்பகலில்! அதுவும் பார் வாசலில்! சுங்குவார்சத்திரத்தில் ஒரு டீ குடித்திருந்தேன். அவ்வளவுதான்.

மடக்கியவன் என் நண்பன் செல்வம். கார் பார்ட்ஸ் கம்பெனியில் பல வருஷம் சேஃப்டி ஆபீசர். இப்போது அந்த பாரில் கம்ப்ளையன்ஸ் ஆபீசர். அதாவது... வயசு வராத பசங்களுக்கு ஊற்றக் கூடாது, ஏற்கெனவே போதையில் வருகிறவனை உள்ளே விடக் கூடாது, நேரத்துக்குக் கடையை மூட வேண்டும். எல்லோரும் ஜாலியாக இருக்க வருகிற இடத்தில் ஒருத்தன் மட்டும் முறைத்துக்கொண்டே நிற்க வேண்டும். அதற்குச் சம்பளம்!

அன்று கலால் அதிகாரி சோதனைக்கு வருகிற நாள். ‘அவர் ஒரு குறை சொன்னாலும் உன் வேலை காலி’ என்று முதலாளி சொல்லியிருந்தார். செல்வம் சும்மா இருப்பானா? ஃபேக்டரி கேட்டில் இருப்பது போலவே ஊதிப் பார்க்கிற மெஷின் ஒன்றைப் புதிதாக வாங்கி வந்துவிட்டான். முதல் போணி நான்தான்.

ஊதினேன். பீப்!

“உன்ன நல்லவன்னு நெனச்சினு இருந்தேன் மச்சான்...” என்றான். நிஜமாகவே வருத்தப்பட்டான்.

அதற்குள் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். ரூல் எல்லோருக்கும் ஒன்றுதானே? அவரிடமும் நீட்டினான்.

பீப்!

“சாரி சார். உள்ள வுட முடியாது.”

முதலாளி அலறிக்கொண்டு ஓடி வந்தார். “யோவ், இன்னாய்யா பண்ற? நம்ம லைசென்ஸே சார் கையிலதான் கீது! மெஷின் ரிப்பேரு சார்... குடு, நான் ஊதறேன்.”

பீப்!

கடைசியில் செல்வமே ஊதினான். வல்லக்கோட்டை முருகனுக்கு மாலை போட்டிருக்கிறவன்.

பீப்!

“முருகா! நான் காபிகூட குடிக்கலியே...” வேலை போயே போச்சு என்று கண் கலங்கிவிட்டான். எனக்கே பாவமாக இருந்தது.

அதிகாரி மெஷினை வாங்கி மோந்து பார்த்தார். “இதை எதால துடைக்கிறீங்க?”

“சானிடைசர் சார். வாய் வைக்கிற எடத்துல ஒவ்வொரு ஆளுக்கும் ஸ்ப்ரே அடிச்சுட்டுதான் குடுப்பேன். கம்பெனி பழக்கம்.”

சானிடைசரில் பாதிக்கு மேல் ஆல்கஹால்தானே! அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “என்னையே உள்ள விடாத ஆளு, சின்னப் பசங்களையா விடப் போறாரு? இவரை விட்டுடாதீங்க” என்று முதலாளியிடம் சொன்னார். செல்வத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கம்பெனி வேலையை விட்டுவிடலாம், பழக்கத்தை யார் விட்டார்கள்? எங்கள் பக்கம் கல்யாண மண்டபத்தில்கூட, ஃபேக்டரித் தரையில் நடைபாதைக்குப் போட்டிருக்கிற மஞ்சள் கோட்டைத் தேடி நடக்கிறவர்கள் உண்டு.

ஆக, அன்று அந்த வாசலில் குடித்திருந்தது மெஷின் மட்டும்தான்... முதலாளியைப் பற்றி எனக்குத் தெரியாது!