தேயிலைப் பஞ்சில் மெத்தை போட்ட கார்

கண்டிப் பக்கத்தில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வீட்டில் வைத்து, அதன் உள்பக்கம் முழுவதையும் தன் கையாலேயே புதுசாக்கிய முதல் ஆள் நான்தான்.

பொய். தைத்தது என் அக்கா. பலகை அறுத்ததும் அக்காதான். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் இழு, இன்னும் கொஞ்சம் இழு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் ஆள் என்பதும் பொய்யாகத்தான் இருக்கும், யாரிடமும் விசாரிக்கவில்லை. அந்த வேலையில் நான் தனியாகச் செய்தது ஒன்றே ஒன்று. சீட்டுக்குள் எதை அடைப்பது என்று தீர்மானித்தது. எல்லாம் நாசமானது அதனால்தான்.

அப்போது எங்கள் வீடு கண்டியை அடுத்த அம்பிட்டியவில், ஏற்றத்தின் நடுவில் இருந்தது. அக்காவும் நானும் மட்டும். கண்டிக் கோர்ட்டில் வழக்குப் பேசும் யாழ்ப்பாணத்துப் பிரக்கிராசி ஐயா ஒருவருக்கு நான் டிரைவர். தேயிலை விலை விழுந்து, துரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கப்பலேறிய வருஷங்கள் அவை. அப்படிப் போன ஒரு துரையின் காரை ஐயா ஆசைப்பட்டு எடுத்தார். இரண்டே பேர் உட்காரலாம். பின்பக்கம் தோணி போலக் கூராக இருக்கும். ஐயா ஏறி உட்கார்ந்த முதல் நாளே அவருடைய வயிறும் ஸ்டியரிங்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றன. அடுத்த வாரம் வீட்டு அம்மா உட்கார்ந்தார். சீட்டைக் கிழித்துக்கொண்டு ஒரு ஸ்பிரிங் எழுந்து, அவர் பட்டுச் சேலையையும் கிழித்தது. அம்மா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியது.

"நீயே கொண்டுபோய் வைச்சிரு," என்றார் ஐயா. "இனி இது என்ரை கண்ணிலை படக்கூடாது."

இப்படித்தான் நான் கார்க்காரன் ஆனேன்.

எனக்கு அந்தக் கார் ஒரு கல்யாணத்துக்குத் தேவைப்பட்டது. கல்யாணம் என்னுடையது. புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில், தூள் சலிக்கிற அறையில், என் கூட்டாளி ஒருவன் வேலை பார்த்தான். அவனுடைய தங்கையைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் சட்டைப் பொத்தான்கள் ஒன்று மாறி ஒன்று போட்டிருந்ததுதான் அதற்குக் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. அதற்குள் எனக்குச் சோறு இறங்காமல் போய்விட்டது.

அவர்களுடைய அப்பா அந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணி. தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி. அவரைக் கண்டால் தோட்டத்து நாய்கள்கூட ஓரமாக நடக்கும். கூட்டாளிதான் அவரிடம் பேசிவிட்டு வந்தான்.

"மச்சான், அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. அடுத்தவன் காரத் தொடைக்கிறவனுக்குச் சொந்தமா என்னடா இருக்குன்னு."

"ஸ்போர்ட்ஸ் கார் இருக்குன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லிட்டேன். வந்து அதுல உட்கார்ந்து பாப்பாராம். அப்பறம்தான் சரியா இல்லையான்னு சொல்லுவாராம். மாசக் கடைசியில வாராரு."

கார் ஓடியது. அதில் மனிதன் உட்கார முடியாது என்பதுதான் குறை. அன்றைக்கே நானும் அக்காவும் பழைய சீட்டைப் பிரித்தோம். தோலைக் கிழித்ததும் அக்கா அலறினாள். குதிரைமயிர் அடைத்திருந்த இடத்தில் கண் திறக்காத எலிக்குஞ்சுகள் ஏழு கிடந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு பல் செட். மேல்வரிசை முழுசாக, ஈறோடு, எங்களைப் பார்த்துச் சிரித்தது. கார் எடுக்கப் போனபோது அந்தத் துரை ஏன் கையால் வாயைப் பொத்திக்கொண்டே பேசினார் என்று அப்போது புரிந்தது. அக்கா அன்று முழுக்க எதையும் தின்னவில்லை.

எலி தின்றது போக மிஞ்சிய தோல் ஒரு செருப்புக்குக்கூடக் காணாது. நல்ல கித்தான் வேண்டும் என்றாள் அக்கா. நான் சுற்றிலும் பார்த்தேன். கையெட்டும் தூரத்தில் இருந்த நல்ல கித்தான், காருக்கு மேலே மடக்கி விரிக்கும் ஹூட்தான். அதை வெட்டிக் கொடுத்தேன்.

"டேய், மழை வந்தா?"

"வானம் தெரிஞ்சாத்தான்க்கா ஸ்போர்ட்ஸ் காரு."

கண்டி மழையில் பிறந்து வளர்ந்தவன் பேசிய பேச்சு இது.

உள்ளே அடைக்க, தேங்காய்த் தும்பு குத்தும் என்றேன். இலவம் பஞ்சு ஒரே வாரத்தில் அமுங்கிவிடும் என்றேன். கூட்டாளிதான் சொன்னான், தேயிலைத் தூளைச் சலிக்கும்போது மயிர்போலப் பறக்கிற பஞ்சு ஒன்று இருக்கிறது, ஃபெக்டரிக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை, எரிக்கத்தான் போகிறார்கள் என்று. நான்கு சாக்கு கொண்டுவந்தான். கையை விட்டுப் பார்த்தேன். கோழிக்குஞ்சைத் தடவுகிற மாதிரி இருந்தது. வெள்ளைக்காரனுக்கே தோன்றாத யோசனை என்று அக்காவிடம் பீற்றிக்கொண்டேன். அவனுக்கு ஏன் தோன்றவில்லை என்று நான் யோசிக்கவில்லை.

மூன்று வாரம் வேலை நடந்தது. மீட்டர்கள் இருக்கிற முன்பலகை உளுத்துப் போயிருந்ததால் தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்து, வார்னிஷ் பூசி மாட்டினோம். அதையும் கூட்டாளிதான் கொண்டுவந்தான். காலடிக்குத் தும்புப் பாய். கதவின் உள்பக்கத்துக்குத் துணி போதாமல், பஞ்சு வந்த சாக்கையே துவைத்து அடித்தோம். சாக்கில் கறுப்பு மையில் வட்டமாக ஏதோ அச்சு இருந்தது. எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. பார்க்கப் பூமாலை மாதிரி இருந்ததால் கதவின் நடுவில் சரியாக வரும்படி அடிக்கச் சொன்னேன். கித்தானைத் தைத்ததில் அக்காவின் மெஷின் ஊசி ஐந்து உடைந்தது. முடிந்த அன்று நான் ஏறி உட்கார்ந்தேன். ராஜா உட்கார்ந்த மாதிரி இருந்தது. எழுந்திருக்க மனமில்லாமல் மத்தியானச் சோற்றையும் அங்கேயே தின்றேன்.

கங்காணி வருகிற நாள் வந்தது. கண்டி மார்க்கெட் பக்கம் பஸ் நிற்கிற இடத்தில் காரை நிறுத்திவிட்டு நின்றேன். பஸ் வரவில்லை, மழை வந்தது. நான் ஓடிப்போய்த் தேத்தண்ணிக் கடையில் ஒதுங்கினேன். கார் ஒதுங்கவில்லை. ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல வெயில் அடித்தது. துவாயால் சீட்டை அழுத்தித் துடைத்தேன். மேலே காய்ந்துவிட்டது. மேலே காய்ந்தால் உள்ளேயும் காய்ந்திருக்கும் என்று நினைத்தேன். எனக்கு எப்போதும் நினைப்பு மேலோடு நின்றுவிடும்.

கங்காணி பஸ்ஸை விட்டு இறங்கினார். சலவை வேட்டி, கண் கூசும் வெள்ளை. காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். உட்கார்ந்தார். தலையை ஆட்டினார்.

"மெத்து மெத்துன்னு இருக்கே தம்பி."

அந்த ஒரு வார்த்தைக்காக ஹாரனை இரண்டு தரம் அமுக்கினேன். வாவியைச் சுற்றிக்கொண்டு ஏற்றத்தில் ஏறினோம். அந்தக் காரில் புகை போகிற குழாய் சீட்டுக்கு அடியிலேதான் ஓடும். ஏற ஏற அடியில் நெருப்பாகச் சூடேறியது. முதல் வளைவில் கங்காணி மூக்கை உறிஞ்சினார்.

"யாரோ தேத்தண்ணி ஊத்துறாங்க."

"ஆமாங்க மாமா. இங்க வீட்டுக்கு வீடு ஊத்துவாங்க."

இரண்டாவது வளைவில் வீடே கிடையாது. அங்கேயும் மணத்தது. மூன்றாவது வளைவில் அவருடைய தொடைக்கும் கதவுக்கும் நடுவிலிருந்து மெல்லிய ஆவி எழும்பியது. கோட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு அவர் கொஞ்சம் நெளிந்து உட்கார்ந்தார். நான் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன். என் முதுகுக்குக் கீழேயும் வெதுவெதுவென்று ஏதோ ஊறிக்கொண்டிருந்தது. பயத்தில் நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

வீட்டு வாசலில் அக்கா தட்டோடு நின்றாள். வெற்றிலை, பாக்கு, கற்கண்டு. கங்காணி இறங்கி, கதவைச் சாத்துவதற்காகத் திரும்பினார். அக்கா கையிலிருந்த தட்டு அப்படியே கீழே விழுந்தது.

இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் அந்த வெள்ளை வேட்டி நல்ல சாயத் தேத்தண்ணி நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. சொட்டுச் சொட்டாக வடிந்தது. லேசாக ஆவியும் வந்தது.

"ஐயோ, மாமாவுக்கு என்னமோ ஆயிருச்சு!" என்று அக்கா தலையில் கை வைத்தாள்.

கங்காணி பின்னால் தடவிப் பார்த்தார். கையை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு நாக்கில் வைத்தார். நான் நின்ற இடத்தில் செத்தேன். அவர் சீட்டின் தையல் விட்ட மூலையில் விரலை விட்டு ஒரு பிடி எடுத்துப் பிழிந்தார். அதற்குப் பிறகுதான் கதவின் உள்பக்கம் அவர் கண்ணில் பட்டது. நான் பூமாலை என்று நினைத்த அச்சு.

அவர் முகத்தில் இரத்தமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் ஓடியிருப்பேன். அவர் பயந்துபோயிருந்தார்.

"இது எங்க தோட்டத்துச் சாக்கு," என்றார். சத்தம் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. "இது எங்க ஃபெக்டரிப் பஞ்சு."

"எரிக்கத்தானே போறீங்க மாமா..."

"எரிச்சாச்சுடா! எரிச்சாச்சுன்னு தொரைகிட்ட ரேகை வச்சுக் குடுத்தது நானு!"

அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பஞ்சை நல்ல தேயிலையில் கலந்து விற்கிறார்கள் என்பதால், ஒரு பிடிகூட வெளியே போகக்கூடாது என்பது சட்டமாம். ஒவ்வொரு சாக்காக எரிகிறதா என்று நின்று பார்க்க வேண்டியவர் பெரிய கங்காணி. அவர் பார்க்காமல் விட்டது, தன் சொந்த மகன் நின்று பார்க்கிறானே என்கிற நம்பிக்கையில். கூட்டாளி இதில் ஒரு வார்த்தைகூட என்னிடம் சொல்லவில்லை. தங்கச்சி கல்யாணம் நடக்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறான். பெண் கேட்கப் போன இடத்தில், பெண்ணின் அப்பாவுக்கே வேலை போகிற மாதிரி நான் ஒரு காரைச் செய்து, அதில் அவரையே உட்காரவைத்து, அடியில் நெருப்பும் வைத்துக் கூட்டிவந்திருக்கிறேன்.

"மம்பட்டி இருக்கா?" என்றார்.

வீட்டுக்குப் பின்னால், பலாமரத்தடியில் குழி வெட்டினோம். அவர் தலைப்பாகையையும் கோட்டையும் கழற்றிக் காரின் ஸ்டியரிங்கில் மாட்டினார். கத்தியால் சீட்டைக் கீறினார். ஒவ்வொரு கீறலுக்கும் அக்கா, "ஐயோ என் தையலு, ஐயோ என் தையலு" என்றாள். பஞ்சை இரண்டு பேருமாகக் கூடையில் அள்ளினோம். சுட்டது. அவ்வளவு நல்ல மணம், நாக்கு ஊறியது.

"இதுல வேற என்ன எங்க தோட்டத்துது இருக்கு?"

நான் முன்பலகையைக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். காலடிப் பாயைத் தூக்கினேன், அதற்கும் கீழே தேயிலைப் பெட்டிப் பலகைதான். பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளைக்கூட அழகுக்காக மீட்டரைச் சுற்றி வைத்திருந்தேன்.

"அப்போ இந்தக் காருல ஒனக்குன்னு சொந்தமா இருக்கிறது என்னடா?"

"ஸ்பிரிங்கு இருக்கு மாமா. பாயி எங்க அக்கா வாங்கினது."

பலகைகள் அடுப்புக்குப் போயின. சாக்கு குழிக்குள் போயிற்று. மண்ணைத் தள்ளி மிதித்துக்கொண்டிருக்கும்போது அவர் மெதுவாகக் கேட்டார்.

"யாரு குடுத்தா இத?"

யார் என்று அவருக்குத் தெரியும். நான் அதை என் வாயால் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார். சொன்னால் மகன் தோட்டத்தில் இருக்க முடியாது. சொல்லாவிட்டால் நான்தான் திருடன், திருடனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

"யாரும் குடுக்கல மாமா. நானே திருடினேன்."

"எப்படி?"

"செவரு ஏறிக் குதிச்சு."

"எந்தச் செவரு?"

"பின்பக்கச் செவரு."

"பின்பக்கம் செவரே கெடையாது. ஆறு ஓடுது."

"நீந்தித்தான் மாமா போனேன்."

"சாக்கு நனையலையா?"

"தலையில வச்சுக்கிட்டு நீந்தினேன்."

"நாலு சாக்கையுமா?"

"நாலு வாட்டி."

கதவுக்குப் பின்னால் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். கங்காணி மம்பட்டியை மரத்தில் சாய்த்துவைத்தார். பழுப்பு வேட்டியோடு, மண் அப்பிய கையோடு, என்னை ஏற இறங்கப் பார்த்தார். மேலே பலா இலையில் மறுபடியும் தூறல் விழ ஆரம்பித்தது.

"ஒனக்கு நீந்தத் தெரியுமாடா?"

"தெரியாது மாமா."

அவர் என் தோளில் கையைப் போட்டார். அந்தக் கை கல்மாதிரி கனமாக இருந்தது. வாயைத் திறந்து, "தம்பி, என் மக..." என்று ஆரம்பித்தார். அவர் அடுத்து என்ன சொன்னாரென்றால்,

"என்னங்க! இன்னும் எவ்வளவு நேரம் அந்தப் பழைய கதைய எழுதிக்கிட்டே இருப்பீங்க? எங்க அப்பா புசல்லாவையிலேருந்து வந்து பஸ்ஸ விட்டு எறங்கி மழையில நிக்கிறாராம். சீக்கிரம் போய்க் கூட்டிட்டு வாங்க. காரு வேணாமாம், கொடையே போதுமாம்!"