சாய்ரா தள்ளிப்போட்ட தேதி

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயரை இங்கே எழுதமாட்டேன். அவளுக்கு அது பிடிக்காது, எனக்கும் வாயில் வராது. பிஷ்கெக் நகரத்தின் கிழக்கு ஓரத்தில் நாங்கள் நடத்தும் தையல் கூடத்தில் ஏழு வருடம் இஸ்திரி மேஜைக்கு முன்னால் நின்றவள் சாய்ரா. எனக்குத் தெரிந்தது அவளைத்தான்.

நான் ரூமியா. துணி வெட்டுவது என் வேலை, முப்பது பெண்களை மேய்ப்பதும் என் தலையில்தான். இரண்டாயிரத்துப் பதினேழு குளிர்காலத்தில் தலைக்குட்டை கட்டிக்கொண்டு ஒரு நெட்டை உருவம் வேலை கேட்டு வந்து நின்றபோது, ஆம்பளைகளுக்கு இங்கே வேலை இல்லை, போ தம்பி என்றேன். "தம்பி இல்லக்கா" என்றாள், அவ்வளவுதான். அன்று காலைதான் எங்கள் இஸ்திரிக்காரி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். நானூறு சட்டை கசங்கிக் கிடந்தது. அதனால்தான் அவளை உள்ளே விட்டேன். பெரிய மனசு என்று யாரும் நினைக்கவேண்டாம்.

ஒரு மாதத்தில் கூடத்துப் பெண்கள் அவளிடம் மாமியார் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஹார்மோன் மாத்திரை அவள் தோலை மிருதுவாக்கியது, மார்பு வந்தது. எலும்புதான் மாத்திரைக்கு மசியவில்லை. புருவத்துக்கு மேலே துருத்திய மேடு, அகலத் தாடை இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. கூடத்துக்குள் அதை யாரும் கவனிப்பதில்லை. தெருவில் எல்லோரும் அதை மட்டும்தான் கவனித்தார்கள். வேனில் ஏறினால் பக்கத்து இருக்கைக்காரன் எழுந்து நிற்பான், கடையில் பாக்கிச் சில்லறையைக் கையில் தராமல் மேஜையில் வீசுவார்கள்.

இஸ்தான்புல்லில் ஒரு மருத்துவர் இருந்தார். புருவ எலும்பைச் சீவி, தாடையைக் குறைத்து, மூக்கைத் திருத்தி, ஒரே அறுவையில் முகத்தைப் பெண்முகமாக்குபவர். சாய்ரா போனில் முகம் பார்த்து அவரோடு பேசினாள். வீக்கம் வடியச் சில மாதம், முழு உருவம் தெரிய ஒரு வருடம் ஆகும் என்றார். எப்போது என்று கேட்டதற்கு, அது உங்கள் முடிவு, அவசரம் இல்லை என்றார். அவர் அந்த ஒன்றைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஏனென்றால் நரின் பக்கத்து மலையில் அவளுக்கு ஒரு அப்பா இருந்தார். துர்துபெக். ஆயுசு முழுக்கக் குதிரை மேய்த்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்ட மனிதர். மூன்று மகள்களுக்குப் பிறகு பிறந்தவள் இவள், அவருக்கு ஒரே மகன். மாதம் ஒருமுறை ஊருக்குப் போவாள். கணவாய் வருவதற்கு முன் வண்டியை நிறுத்தி, மார்பை இறுக்கிக் கட்டி, கூந்தலைத் தொப்பிக்குள் திணித்து, நகப்பூச்சைச் சுரண்டுவாள். ஊருக்குள் இறங்குவது மகன். இரண்டு நாள் வைக்கோல் ஏற்றி, விறகு பிளந்து, அப்பாவைக் குளிப்பாட்டிவிட்டுத் திரும்பி வரும்போது கையெல்லாம் கொப்புளமாக இருக்கும். நகரத்தில் எந்த முகத்தால் ஏச்சு வாங்கினாளோ, அந்த முகத்தை வைத்துத்தான் அவளால் அந்த வீட்டு வாசலைத் தாண்ட முடிந்தது. எலும்பைச் சீவிவிட்டால் மறைக்க ஒன்றும் மிஞ்சாது.

அவள் பயந்தது ஒரே ஒரு நாளுக்காக. மலையில் சாவு விழுந்தால், உடல் கிடக்கும் கூடாரத்துக்குள் பெண்கள் உட்கார்ந்து ஒப்பாரி பாடுவார்கள். மகன்கள் வெளியே இடுப்பைக் கட்டி, கோலில் சாய்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் வாய்விட்டு அழவேண்டும். இடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. குழிக்குள் இறங்கி அப்பாவைப் படுக்கவைப்பது ஆண்கள்தான். அவளுடைய தோழி ஒருத்தி முன்னமே முகத்தை மாற்றிக்கொண்டாள். அம்மா செத்தபோது ஊர் எல்லைச் சாலையில் நின்று தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினாள். உள்ளேயும் இடமில்லை, வெளியேயும் இடமில்லை. சாய்ராவுக்கு அப்பாவைத் தன் கையால் மண்ணில் வைக்கவேண்டும். அதற்குப் பிறகு முகம் என்ன ஆனாலும் சரி என்றாள்.

அறுவைக்கு முதல் தேதி ஒரு வசந்தகாலத்துக்குக் குறித்தது. பனி உருகுகிறவரை அப்பா தாங்கமாட்டார் என்று ஊர் மருத்துவர் சொன்னதால் ரத்து செய்தாள். ஜூன் மாதம் அந்த மனுஷர் குதிரை ஏறிப் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போய்வந்தார். இரண்டாவது தேதியின்போது வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது, இதோ அதோ என்றார்கள், மறுபடி ரத்து. அவர் கோல் ஊன்றி எழுந்துவிட்டார். சிரிக்கக் கூடாதுதான். கூடத்தில் நாங்கள் சிரித்தோம், அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அடுத்த வருடம் இலையுதிர்காலத்தில் பேருந்து நிறுத்தத்தில் மூன்று பேர் அவளை அடித்தார்கள். இரண்டு பல் போனது, மணிக்கட்டு உடைந்தது. மொத்தச் சந்தைக்குப் போய் நூல் வாங்கி வரச் சொன்னது நான்தான், அதனால் அந்தக் கை என் கணக்கில் இன்றைக்கும் இருக்கிறது. கட்டு அவிழ்த்ததும் மூன்றாவது தேதி குறிக்க வைத்தேன். பத்து நாள் இருக்கும்போது நடு அக்கா அனார்குல் போன் செய்தாள், அப்பா ரத்தமாகத் துப்புகிறார் என்று. சாய்ரா என் கண்முன்னாலேயே இஸ்தான்புல்லுக்கு ரத்துச் செய்தி அனுப்பினாள்.

எனக்கு வந்த கோபத்தில் கத்தரியை மேஜையில் அடித்தேன்.

"உங்கப்பன் எப்ப சாவான்னு காத்துக்கிட்டு உக்காந்திருக்கே. அதச் சொல்லு. அப்பா மேல பாசம்னு எங்கிட்ட கத விடாத."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"ஆமாக்கா. போன் அடிக்கிறப்பல்லாம் செத்துட்டாரான்னுதான் எடுக்கறேன். எடுத்தா அவரு இருமுறது கேக்கும். அதக் கேட்டா சந்தோஷமாவும் இருக்கு. ரெண்டும் எனக்குள்ளதான் இருக்கு, எத வெளிய எடுத்துப் போடட்டும்?"

அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் தேதி என்ற வார்த்தையையே எடுக்கவில்லை.

போன மார்ச்சில் துர்துபெக் இறந்தார். நாலு வருடம் மருத்துவர்களை ஏமாற்றியவர், டீ குடித்துக்கொண்டே போய்விட்டார். வாடகை வண்டியில் அவளோடு நானும் போனேன். கணவாய்க்கு முன் வண்டி நின்றது, அவள் மகனாக மாறினாள். இந்த முறை மார்புக் கட்டை நான்தான் இழுத்துக் கட்டினேன்.

வேலையிடத்து முதலாளியம்மா என்று சொல்லி என்னைக் கூடாரத்துக்குள் அனார்குல் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அவர்களுக்கு அம்மா முன்னமே இல்லை. மூன்று அக்காக்களும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாடினார்கள். வெளியே கூட்டம் கூட்டமாக ஆட்கள் அழுதுகொண்டு வந்தார்கள், சாய்ரா கோலில் சாய்ந்து கரகரத்த குரலில் எதிரழுதாள். கம்பளிச் சுவர் வழியாக எனக்கு எல்லாம் கேட்டது. ஒன்றரை நாள் ஒரு தப்பு இல்லை. நல்ல பிள்ளை, தாடியில்லாத குறைதான் என்று ஒரு கிழவி சொன்னாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் மதியம் உடலைக் கழுவித் துணி சுற்றி முடித்தார்கள். தூக்கப்போகிறார்கள் என்றதும் மூன்று மகள்களும் ஒப்பாரியை உச்சத்துக்கு எடுத்தார்கள். இரண்டு அடி பாடியிருப்பார்கள். வெளியிலிருந்து நாலாவது குரல் ஒன்று அதே ராகத்தைப் பிடித்தது.

குதிரையை முன்னால் விட்டுத் தான் பின்னால் நடந்தவரே, எங்களுக்குக் கொழுப்பை வைத்து எலும்பைக் கடித்தவரே என்று, அடி அடியாக, சுத்தமாகக் கட்டிய ஒப்பாரி. இஸ்திரி மேஜையில் அவள் வருடக்கணக்காக முணுமுணுத்ததை நான் ஏதோ ரேடியோ பாட்டு என்று நினைத்திருந்தேன். ஆண்கள் அழலாம், அலறலாம். இப்படிப் பாட்டாகக் கட்டிப் பாடுவது மகள் மட்டும்தான். குடித்தவன்கூட அந்தத் தப்பைச் செய்யமாட்டான். குரலும் கரகரப்பு விட்டு அவளுடைய சொந்தக் குரலாக இருந்தது, குரல் பழக்கும் ஒரு டீச்சரம்மாவிடம் போனில் நாலு வருடம் படித்து உயர்த்திய குரல். எந்த முகத்தைக் காப்பாற்ற அத்தனை தேதியைக் கொன்றாளோ, அந்த முகம் கடைசிவரை அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவளே வாயைத் திறந்து காட்டிக்கொடுத்துவிட்டாள்.

அனார்குல் பாட்டை நிறுத்தினாள். மற்ற இரண்டு பேரும் நிறுத்தினார்கள். வெளியே அவள் மட்டும் இன்னும் இரண்டு அடி பாடினாள், கண்ணை மூடியிருந்திருப்பாள். பிறகு அவளுடைய சித்தப்பா கச்கின் பேசினார். சத்தம் போடவில்லை.

"இவனுக்குப் புத்தி பெரண்டுபோச்சு. அந்தாண்ட கூட்டிட்டுப் போங்கடா. குழிக்கிட்ட வரக்கூடாது."

நான் வெளியே ஓடிவந்தபோது இரண்டு இளவட்டங்கள் அவளைச் சேணம் வைக்கும் அறைக்குள் தள்ளி வெளித்தாழ்ப்பாள் போட்டுவிட்டிருந்தார்கள். தொப்பி சேற்றில் கிடந்தது. பாடை கிளம்பிவிட்டது. எல்லா ஆண்களும் போனதும் தாழ்ப்பாளைத் திறந்தேன். அவள் வெளியே வரவில்லை, சேணங்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப நான் போனா அங்க அடிதடி ஆகும்கா. அவர அப்பிடி வச்சிக்கிட்டு வேண்டாம். எங்க போறாங்கன்னு பாத்துச் சொல்லு."

வாசலில் நின்று சொன்னேன். ஓடையைத் தாண்டுகிறார்கள். மேட்டில் ஏறுகிறார்கள். தோள் மாற்றுகிறார்கள்.

"மண்ணு போடறாங்களா?"

"தூரமா இருக்குடி. தெரியல."

"போட்டிருப்பாங்க" என்றாள்.

நாற்பதாம் நாளுக்கும் வரவேண்டாம், வருட விருந்துக்கும் வரவேண்டாம் என்று கச்கின் ஆள்மூலம் சொல்லி அனுப்பினார். இனி எதற்காகக் காத்திருக்கவேண்டும்? புத்தி கெட்ட நான், வழி பிறந்தது என்றுகூட நினைத்தேன். அவள் இஸ்தான்புல் பக்கமே திரும்பவில்லை. வேலைக்கு வந்தாள், தேய்த்தாள், போனாள். நான் கேட்டால், பார்க்கலாம் என்பாள்.

நாற்பதாம் நாள் முடிந்த வாரம் அனார்குல் கூடத்துக்கு வந்தாள். கையில் ஒரு பை, விருந்துக்கு வெட்டிய குதிரையில் சாய்ராவின் பங்கு இறைச்சி. தம்பியை முதல்முறை பாவாடையில் பார்த்தாள், தம்பி என்றே கூப்பிட்டாள். டீ குடித்தார்கள். முகத்தை மாற்றிக்கொள்ள நினைக்கிறேன், அதனால்தான் இத்தனை நாள் ஒளிந்தேன் என்று சாய்ரா எல்லாவற்றையும் சொன்னாள். அனார்குல் கேட்டுக்கொண்டே இருந்தவள் எழுந்துபோய் அவள் புருவத்து மேட்டைக் கட்டைவிரலால் தடவினாள், பிறகு தாடையை.

"இது அப்பா. எங்க மூணு பேருக்கும் அம்மா மூஞ்சி. உனக்கு மட்டுந்தான் அவரு எறங்கியிருக்காரு. ஒரு நல்ல படம்கூட அவரோடது எங்கிட்ட இல்ல. பாவாட கட்டிக்க, மாத்திர தின்னு, நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். இத மட்டும் வெட்டாத தம்பி."

அழுதாள், பொய் அழுகை இல்லை. நானும் தள்ளி நின்று அழுதேன். சாய்ரா அழவில்லை. அக்காவின் கையைப் பிடித்து முகத்திலிருந்து மெதுவாக இறக்கினாள்.

"சரி, வெட்டல. இதே மூஞ்சியோட வருஷ விருந்துக்கு வரேன். உள்ள உன் பக்கத்துல உக்காத்தி வை. இல்லேன்னா வெளிய சித்தப்பா பக்கத்துல நிக்க வை. எதுன்னாலும் சரி. எந்த எடம்னு சொல்லுக்கா."

அனார்குல் தரையைப் பார்த்தாள். சித்தப்பா என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. சாய்ரா விடவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அனார்குல் காலிப் பையை மடித்தாள், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். கடைசியில், நாலு மணி வண்டியை விட்டால் நரினுக்கு அடுத்த வண்டி காலையில்தான் என்றாள்.

சாய்ரா அவளை வண்டி நிறுத்தம்வரை கொண்டுபோய் விட்டாள். திரும்பி வந்து மீதிச் சட்டைகளைத் தேய்த்து முடித்தாள். அதற்குப் பிறகுதான் இஸ்தான்புல்லுக்கு எழுதினாள், உங்களிடம் இருக்கும் முதல் தேதி எதுவோ அதைத் தாருங்கள் என்று. அடுத்த மாதம் ஒன்பது என்று பதில் வந்தது. அறுவைக்கு முன்னால் உள்ள முகம் வேண்டும், கூந்தலை ஒதுக்கி, முகப்பூச்சில்லாமல், நேராக ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று எடுத்து அனுப்புங்கள் என்றும் கேட்டிருந்தார்கள்.

வெள்ளைத் துணி தொங்கிய சுவருக்கு முன்னால் நிறுத்தி நான்தான் எடுத்தேன். மூன்றையும் மருத்துவருக்கு அனுப்பினாள். நேராகப் பார்த்த படத்தை மட்டும் தனியாக எடுத்து, அக்காவின் எண்ணைத் தேடினாள். கீழே எழுதியதை அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினாள்.

"அப்பா படம் இல்லேன்னியே. இந்தா."