செல்வம் அண்ணை உயர்த்திய கை

எங்கள் தமிழ் ஆளையே குறை சொல்கிறேன் என்பீர்கள். சொல்லத்தான் போகிறேன்.

சுவிஸில், பேர்ண் நகருக்கு மேலே ஒரு மலைக்கிராமம். இளம் குடும்பங்களுக்கு வீடு கிடைக்காவிட்டால் பள்ளிக்கூடமே மூடப்படும் என்று ஊர்க்காரர் சிலர் சங்கம் அமைத்து, வருடக்கணக்காகப் பழைய வீடுகளைத் திருத்திக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கிறார்கள். அப்படிக் கிடைத்ததுதான் என் வீடும், மேல்மாடியில் செல்வம் அண்ணையின் வீடும். வந்த புதிதில் எங்கள் கறி மணக்கிறது என்று சிலர் முறையிட, சங்கத் தலைவி எங்கள் வீட்டுக்கே வந்து சாப்பிட்டு அவர்கள் வாயை அடைத்தார். அன்று செல்வம் அண்ணை அழுதார்.

போன மாதச் சங்கக் கூட்டத்தில், எங்கள் வீட்டுக்கு எதிர்க்காணியில் புதுவீடு கட்டுவதா என்று கேட்டார்கள். அதற்காகக் காத்திருந்தவள் என்னோடு வேலை செய்யும் எரித்திரியப் பெண். பிள்ளைகளோடு அகதி முகாமில் ஒற்றை அறையில் இருக்கிறாள்.

வேண்டாம் என்பவர்களைக் கை உயர்த்தச் சொன்னதும் முதலில் உயர்ந்தது செல்வம் அண்ணையின் கை. தயங்கியிருந்தவர்களும் அதைப் பார்த்து உயர்த்தினார்கள். திட்டம் தோற்றது.

"ஏனண்ணை?"

"உனக்கு விளங்காது தங்கச்சி. அவையள் வந்தால் வளவெல்லாம் சமையல் மணக்கும். யன்னலாலை மலையும் தெரியாது."

கூட்டம் முடிந்தால், கொண்டுவந்ததைப் பகிர்ந்து சாப்பிடுவது வழக்கம். நான் கறி வைத்து ரோல்ஸ் பொரித்துக் கொண்டு போயிருந்தேன். அதே கை தட்டுக்கு நீண்டது.

"நல்ல வாசமாய்க் கிடக்கு!"

தட்டோடு வெளியே வந்துவிட்டேன்.

என் யன்னலிலும் அந்த மலை தெரியும். இப்போது திரையை மூடியே வைத்திருக்கிறேன்.